துருவேறிய ஷாக்கப்சர் போல்ட்: எண்ணெயா, பைப்பா, நெருப்பா, கட்டிங் மெஷினா?

போல்ட் மனம் வைத்தால், பழைய ஜீப்பில் ஷாக்கப்சர் மாற்றுவது அரை மணி நேர வேலை. முன்னும் பின்னும் பட்டை பட்டையாய் அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் என்பதால் ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டும் தொல்லைகூட இல்லை. ஆனால் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறி இறங்கிய வண்டிக்குச் சேறு. உவரி, கூடங்குளம் பக்கம் நின்ற வண்டிக்கு உப்புக்காற்று. இரண்டில் உப்புதான் கொடியது. சேறு வெளியே அப்பிக்கொள்ளும், கம்பி பிரஷ் போட்டால் போய்விடும். உப்பு மரைக்குள் போய்க் குடியேறிவிடும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் எது பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நட்டு மரையில் இறுகியிருக்கிறதா, நட்டு கழன்ற பிறகும் போல்ட் அசையவில்லையா? இரண்டாவதுதான் கீழ்ப்பக்கம் அதிகம் நடப்பது. ஷாக்கப்சர் முனை வளையத்தில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்குள், போல்ட் நுழைய ஓர் இரும்புக் குழல் உண்டு. துரு தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். குழலுக்குள் இடம் ஏது? ஆப்பு அடித்த மாதிரி போல்ட்டைக் கவ்விக்கொள்கிறது.

நட்டுக்கு எண்ணெய் நல்ல மருந்து. முதல் நாள் ராத்திரியே மரையைத் தேய்த்துவிட்டு ஊற்ற வேண்டும். ஊற்றின கையோடு திருகுவதில் பயனில்லை. டபிள்யூடி-40 என்பது 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்ட சரக்கு. துருவுக்குள் இறங்க அதற்கென்றே விற்கும் எண்ணெய் மேல். டீசல் மலிவு, ஆனால் மெதுவாகத்தான் இறங்கும். குழலுக்குள் ஒட்டிய போல்ட்டுக்கு எந்த எண்ணெயும் எட்டாது.

அடுத்தது பைப். ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் சொருகி 70 கிலோ ஆள் தொங்கினால் கிட்டத்தட்ட 690 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 8.8 என்று வலு எண் தலையில் பொறித்த 12 மி.மீ. போல்ட்டை இறுக்குவதே ஏறக்குறைய 80, 90-தான். "அண்ணாச்சி, பைப்ப போட்டுத் தொங்காதிய, முறிஞ்சா நமக்குத்தான் ரெட்டை வேலை" என்று பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக் சொன்னார். நான் தொங்கினேன். முறிந்தது.

அவர் கையில் இருந்தது இம்பாக்ட் ரெஞ்ச். தொடர்ந்து முறுக்காமல் தட்டித் தட்டித் திருப்புவதால் துரு நொறுங்குகிறது. முதலில் கொஞ்சம் இறுக்கும் பக்கம் ஒரு தட்டு, பிறகு கழட்டும் பக்கம். ஆறு மூலை சாக்கெட்தான் போட வேண்டும்; பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனர் தேய்ந்த நட்டை வட்டமாக்கிவிடும்.

நெருப்பின் கணக்கு வேறு. நட்டை மட்டும் சட்டென்று 300 டிகிரி ஏற்றினால் 12 மி.மீ. துளை சுமார் 0.04 மி.மீ. விரியும். தலைமுடியளவுகூட இல்லை, ஆனாலும் பிடி தளரும். சூட்டோடு மெழுகைத் தேய்த்தால் உருகி மரைக்குள் ஓடும். உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போய்வந்த வண்டியில் மெழுகுவர்த்திக்குப் பஞ்சம் இருக்காது! ஆனால் எண்ணெய் ஊற்றின இடத்தில் டார்ச் பிடித்தால் தீப்பற்றும், புஷ் ரப்பர் கருகும், பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் இருக்கும். கேஸ் நிரப்பிய ஷாக்கப்சரின் உடம்பில் சூடு பட்டால் வெடிக்கவும் கூடும். மேல் முனையில் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பற்றவைத்த இரும்பு முளை இருந்து, அதில் நட்டு இறுகியிருந்தால் மட்டுமே நான் நெருப்பைத் தொடுவேன். அந்த முளையை வெட்டினால் சேஸிஸ் வேலையாகிவிடும்.

கீழ் போல்ட்டுக்கு என் ஓட்டு கட்டிங் மெஷினுக்குத்தான். ஷாக்கப்சரும் புஷ்ஷும் பழைய இரும்புக் கடைக்குப் போகிறவை, போல்ட் புதுசு வாங்கத்தான் போகிறோம். பிறகு எதைக் காப்பாற்ற மல்லுக்கட்டுவது? புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே 1 மி.மீ. டிஸ்க்கால் இரு பக்கமும் வெட்டினால் பத்து நிமிடத்தில் கீழே விழும். டீசல் டேங்க் பக்கம் பொறி பறக்காமல் ஈரச் சாக்கு போட்டுக்கொள்ளணும், கண்ணாடி மாட்டிக்கணும். காயில் ஸ்பிரிங் வைத்த புது வண்டியானால் அச்சுக்கு ஜாக்கி கொடுக்காமல் எதையும் வெட்டவோ கழட்டவோ வேண்டாம்.

புது போல்ட் தண்டில் கிரீஸ் தடவி மாட்டி, சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.