தெருமுனைப் பூங்காவா, பாரதி பூங்காவா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து தெருமுனைப் பூங்காவுக்கு மூன்று நிமிட நடை. பாரதி பூங்காவுக்குப் போக ஸ்கூட்டரை எடுக்க வேண்டும், நான்கைந்து கிலோமீட்டர். அழகில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தைச் சுற்றிய நிழலுக்கு முன்னால் எங்கள் நான்கு புங்கை மரங்கள் என்ன செய்யும்? ஆனாலும் கடந்த மாதம் நான் பாரதி பூங்காவுக்குப் போனது ஒரே ஒரு நாள். அதுவும் ஊரிலிருந்து விருந்தினர் வந்ததால்.

வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், ஏறக்குறைய ஐந்து நிமிட நடையில் ஒரு பசுமைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லும் அளவுகோல். 2007இல் வெளியான லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வு ஒன்றில், பூங்காவுக்கு வந்தவர்களில் 43 சதவீதத்தினர் கால் மைலுக்குள் குடியிருந்தவர்கள். ஒரு மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் 13 சதவீதம்தான்.

பாரதி பூங்காவின் சிக்கலும் இதுதான். சுற்றிலும் துணைநிலை ஆளுநர் மாளிகை, சட்டப்பேரவை, அரசு மருத்துவமனை, விடுதிகளாகிவிட்ட பழைய வீடுகள். ஊரிலேயே நல்ல பூங்காவுக்கு அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் குறைவு! மருத்துவமனைக்கு வந்தவர்கள் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். 1826இல் அமைந்த தாவரவியல் பூங்காவும் எனக்கு அப்படித்தான்: திட்டம் போட்டு, டிக்கெட் எடுத்துப் போகும் இடம்.

தெருமுனைக்குத் திட்டம் எதற்கு? கைலியோடு போகலாம். சோற்றுக் கிண்ணத்தோடு குழந்தையைத் துரத்தியபடி ஒரு தாய் உள்ளே நுழைவாள். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பால் வாங்கத் திரும்பலாம். 78 வயதான என் அப்பாவுக்கு ஒரு நாளில் இரண்டு முறை அங்கே வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்டால் கோபம் வரும்.

அதற்காகப் பக்கத்தில் இருந்தாலே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். கனடாவின் வாட்டர்லூவில் 33 பூங்காக்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு என் கணக்கைக் கொஞ்சம் கலைத்தது. உடலை அசைக்க மக்கள் ஒரு பூங்காவைப் பயன்படுத்துவார்களா என்பதில் தூரத்தையும் பரப்பளவையும்விட, உள்ளே இருக்கும் வசதிகளே, குறிப்பாக நடைபாதையே, முக்கியமாக இருந்ததாம். எங்கள் பூங்காவின் நடைபாதை ஓராண்டு பெயர்ந்து கிடந்தபோது, எதிர்வீட்டுக்காரர்களே மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் நுழையாத கடற்கரைச் சாலைக்கு ஸ்கூட்டரில் போய் நடந்துவிட்டு வந்தார்கள். வாயிற்கதவு பூட்டியே கிடந்த மாதங்களும் உண்டு. பூட்டிய பூங்காவுக்கு மூன்று நிமிடமானால் என்ன, முப்பது நிமிடமானால் என்ன?

தினசரிப் புழக்கத்துக்கு என் ஓட்டு தெருமுனைக்குத்தான். பாரதி பூங்கா பூட்டிக் கிடந்தால் நான் திரும்பி வந்துவிடுவேன். இங்கே கேட்க ஆள் இருந்தது. நாலு வீட்டார் சேர்ந்து போய்ச் சாவியை வாங்கினோம். இப்போது அது எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. காலை ஐந்தரைக்குத் திறக்கிறார். அப்பா ஐந்து இருபதுக்கே வாசலில் நிற்கிறார்.