கிராண்ட் டர்க்கில் குடும்பத்தோடு ஒரு கடற்கரை நாள்: பல குளிர்காலங்களின் அனுபவம்

ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் கரீபியன் கப்பலில் கிராண்ட் டர்க் ஒரு நிறுத்தமாக இருந்தால், உடனே கப்பலின் சுற்றுலாப் பட்டியலைத் திறந்து தலைக்கு எவ்வளவு டாலர் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இருப்பதால் குளிர்கால விடுமுறைக்கு நாங்கள் அடிக்கடி இந்தப் பக்கம் போகிறோம். கைக்குழந்தையோடு போயிருக்கிறோம், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போயிருக்கிறோம், ஊரிலிருந்து வந்த மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறோம். இத்தனைக்கும் பிறகு என் கருத்து இதுதான்: இந்தத் தீவில் கடல் இலவசம். நிழலுக்குத்தான் திட்டம் போட வேண்டும்.

தீவு மிகச் சிறியது. நீளம் சுமார் 11 கிலோமீட்டர், அகலம் இரண்டு சொச்சம். டர்க்ஸ் அண்ட் கைகோஸ் என்ற பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் தலைநகரம் கோபர்ன் டவுன் இங்கேதான் இருக்கிறது. புழங்குவது அமெரிக்க டாலர், வண்டி ஓடுவது இடதுபக்கம். கப்பல் துறை தீவின் தென்மேற்கு முனையில், 2006ல் திறந்தது. மேற்கே கடலுக்குள் நீளும் மேடையில் நடந்து கரைக்கு வந்தால் கடைகளும் பெரிய நீச்சல் குளமும் வரும், அதற்கு இரண்டு பக்கமும் வெள்ளை மணல். டாக்ஸி வேண்டாம், டிக்கெட் வேண்டாம். கரீபியனில் இவ்வளவு பக்கத்தில் நல்ல கடற்கரை வாய்த்த துறைமுகங்கள் குறைவு.

மேடையில் நடக்கும்போது ஒரு நிமிடம் கீழே எட்டிப் பாருங்கள். கரையோரம் வெளிர் பச்சையாக இருக்கும் தண்ணீர் கொஞ்ச தூரத்திலேயே கோடு கிழித்ததுபோல் கருநீலமாகிவிடும். அங்கேதான் கடலடி செங்குத்தாக இறங்குகிறது. அதைத் தாண்டியுள்ள கடல்வழியின் ஆழம் 2,000 மீட்டருக்கும் மேல். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அந்த வழியாகத்தான் போகின்றன. இவ்வளவு பெரிய கப்பல் கரைக்கு இவ்வளவு அருகே வந்து நிற்க முடிவதும் அந்த ஆழத்தால்தான்.

இனி நிழல் விஷயம். சாய்வு நாற்காலிகள் இலவசம், நிறையவே கிடக்கும். குடையும், மடக்கி விரிக்கும் சிப்பி வடிவக் கூண்டும் வாடகைக்கு. கபானா, அதாவது கூரை போட்ட தனிக் குடில் என்றால் விலை எகிறும். இலவச நாற்காலிகளில் மரத்தடியில் இருப்பவை சொற்பம். கப்பல் மேடையில் வந்து நின்ற முதல் அரை மணி நேரத்தில் இறங்குபவர்களுக்கு அவை போய்விடும். ஒரே நாளில் இரண்டு கப்பல்கள் வந்தால் கேட்கவே வேண்டாம். எந்த நாளில் எத்தனை கப்பல் என்பதைத் துறைமுக அட்டவணையில் முன்கூட்டியே பார்க்கலாம். பயணத்தேதி உங்கள் கையில் இருந்தால் ஒற்றைக் கப்பல் நாளைத் தேர்ந்தெடுங்கள். அறையில் பால்கனி எடுப்பதைவிட இது முக்கியம் என்பேன்.

கூண்டை வாடகைக்கு எடுத்தவர்கள் எல்லோரும் அதன் வாயைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். காட்சிக்கு அதுதான் அழகு. ஆனால் இது மேற்குப் பார்த்த கடற்கரை. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராகக் கடல் பக்கத்திலிருந்து கூண்டுக்குள் வரும், உள்ளே படுத்திருக்கும் குழந்தை வாடிப்போகும். டிசம்பர், ஜனவரியில் உச்சிவேளையிலும் சூரியன் தலைக்கு மேல் வருவதில்லை, தெற்கே சாய்ந்துதான் நிற்கும். அதனால் அப்போது குடைக்கு வடக்குப் பக்கம் உட்கார வேண்டும், கூண்டு என்றால் வாயை வடக்கே திருப்ப வேண்டும். மதியத்துக்கு மேல் கடலுக்கு முதுகு காட்டி வைத்தால் கூட நல்லதுதான், பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கப் பெரியவர் ஒருவர் வெளியே இருந்தால் போதும். ஜூனில் போனால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உச்சியில் சூரியன் கிட்டத்தட்ட நேர் மேலே நிற்கும், குடைக்கு நேர் கீழே மட்டும்தான் நிழல்.

‘மெட்ராஸ் வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன’ என்று சொல்பவர்கள் நம் வீடுகளில் எப்போதும் உண்டு. எங்கள் வீட்டில் அது மாமா, அதாவது என் மாமனார். இங்கே வீசும் காற்று வெயில் சுடுவதை உணரவிடாது, அதுதான் சிக்கல். சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பிக் குளிக்கும்போதுதான் தோள்பட்டை தகவல் சொல்லும். நீண்ட கை நீச்சல் சட்டையை எல்லோருக்கும் ஒரு தடவை வாங்கிவிடுங்கள். எங்கள் கடற்கரைச் சாமான்களிலேயே பல வருடம் உழைத்தது அதுதான். பூசும் களிம்புச் செலவும் பாதியாகக் குறைந்தது. முகத்துக்கும் காலுக்கும் துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீன். அதே பயணத்தில் செயின்ட் தாமஸ் போன்ற அமெரிக்க விர்ஜின் தீவுகளும் இருந்தால் அங்கே ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோக்ரைலீன் கலந்த சன்ஸ்க்ரீன்களுக்கு 2020 முதல் தடை. பவளப்பாறைகளைக் காப்பதற்காக. அதனால் வீட்டிலிருந்தே துத்தநாக வகையை எடுத்துப் போனால் இரண்டு டப்பா சுமக்க வேண்டாம்.

துறைமுகக் கடற்கரையில் மேடையிலிருந்து இடதுபக்கமாக, அதாவது வடக்கே, நடந்தால் கூட்டம் குறையும். நெருக்கி அடுக்கிய நாற்காலிகளைத் தாண்டியதும் கரையோர மதுக்கடை ஒன்று வரும், அதைச் சுற்றி இடம் தாராளம். நடக்க முடிந்தவர்கள் அங்கே போகலாம். தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் ஆங்காங்கே கூழாங்கல்லும் பவளத் துண்டுகளும் கிடக்கும். வெறுங்காலோடு இறங்கினால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு கட்டாயம். அலை பெரும்பாலும் இல்லை, ஆனால் ஆழம் சட்டென்று கூடும் இடங்கள் உண்டு. உயிர்காப்பாளர் இருப்பார் என்று நம்பி இறங்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கப்பலிலேயே மிதவைச் சட்டை கேட்டால் தருவார்களா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள்.

எங்கள் குடும்பத்துக்கு மிகவும் பிடித்துப்போனது கவர்னர்ஸ் பீச். துறைமுகத்துக்கு வடக்கே, டாக்ஸியில் சில நிமிடத் தூரம். ஆளுநர் மாளிகையான வாட்டர்லூ அருகில் இருப்பதால் அந்தப் பெயர். மாளிகை 1815ல் கட்டியது, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் நடந்த அதே ஆண்டு, பெயரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தக் கடற்கரையில் நாற்காலி வரிசை கிடையாது, பாட்டுச் சத்தம் கிடையாது, சவுக்கு மரங்கள் உண்டு. சவுக்கு இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்த மரம். உள்ளூர்ச் செடிகளை வளரவிடாது என்பதால் இயற்கை ஆர்வலர்களுக்கு அதன்மேல் கோபம். அந்தக் கோபம் நியாயமானதுதான், இருந்தாலும் அத்தை, அதாவது என் மாமியார், அதன் அடியில் போர்வையை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்து, “ஏம்மா, இங்கேயே முதலில் வந்திருக்கலாமே, அந்தக் கடைவீதியில் எதுக்கு உட்கார்ந்தோம்?” என்று கேட்டபோது பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் மர நிழல் கடல் பக்கமாக விழும், அதனால் தண்ணீருக்கு அருகிலேயே உட்காரலாம். மதியத்துக்குப் பிறகு நிழல் பின்னால் போய்விடும். அதனால் அங்கே போவது காலையிலேயே.

டாக்ஸி பற்றி: கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்றுதான். ஏறும் முன்பே போகவர எவ்வளவு, குழந்தைக்கும் உண்டா, எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றிக்கொள்வார் என்பதைப் பேசிவிடுங்கள். முழுப் பணத்தையும் திரும்பும்போது கொடுப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரு வருடம் எங்களை இறக்கிவிட்ட ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அப்புறம் வேறு வண்டியைப் பிடித்து வந்து சேர்ந்தோம். கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரம் இருக்கும்படி திரும்பும் நேரத்தை வைத்திருந்ததால் யாருக்கும் படபடப்பு இல்லை. கழிப்பறை வேலையைத் துறைமுக வளாகத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

சாப்பாடுதான் நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி. கப்பலிலிருந்து பழமோ சமைத்த உணவோ கரைக்கு எடுத்துப் போக விடமாட்டார்கள். பிரிக்காத பாக்கெட் என்றால் பிரச்சினை இல்லை. முறுக்கு, கடலை மிட்டாய், பிஸ்கட் எல்லாம் கடையில் வாங்கிய பாக்கெட்டிலேயே இருக்கட்டும். அன்புடன் டப்பாவில் போட்டுக் கட்டி எடுத்துப் போனால் வாசலில் குப்பைத்தொட்டிதான். தீவின் பெயர்போன பண்டம் சங்குக் கறி. மாவில் தோய்த்துப் பொரித்த உருண்டை அசைவக்காரர்களுக்குப் பிடிக்கும், எங்கள் பெரியவன் அதற்காகவே வருவான். சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அதையும் அதே எண்ணெயில்தான் பொரிப்பார்களா என்று அத்தை போன்றவர்கள் கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் இப்போது செய்வது: காலையில் கப்பலில் வயிறார டிபன், கரையில் நொறுக்குத் தீனி, திரும்பி வந்து தாமதமாக மதியச் சாப்பாடு. கப்பல் இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது நடுவில் ஒருவர் போய்ச் சாப்பிட்டு வருவதுகூடச் சாத்தியம்தான்.

தண்ணீரில் ஊறியே அலுத்துப்போகும் பெரியவர்களுக்கு ஊருக்குள் ஒரு சுற்று நல்லது. வழியில் விமான நிலைய வாசலில் ஒரு விண்கலத்தின் மாதிரி நிற்கும். 1962 பிப்ரவரி 20 அன்று ஜான் க்ளென் ஃப்ரெண்ட்ஷிப் 7 கலத்தில் பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு அட்லாண்டிக்கில் இறங்கினார். கடலிலிருந்து மீட்டபின் அவரை முதலில் கொண்டுவந்த நிலம் இந்தத் தீவுதான். மாமா அதன் முன்னால் நின்று நிறைய நேரம் படம் எடுத்தார். கோபர்ன் டவுனில் பழைய உப்பளங்கள் இன்னும் பாத்தி பாத்தியாகத் தெரிகின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பெர்முடாவிலிருந்து வந்தவர்கள் இங்கே உப்பு வாரத் தொடங்கினார்கள், பிறகு அந்த வேலை அடிமைகளின் முதுகில் நடந்தது. உப்பு வண்டி இழுக்கக் கொண்டுவந்த கழுதைகளின் வாரிசுகள்தான் இப்போது தெருவில் திரிபவை. பிள்ளைகள் தடவிக்கொடுக்க ஓடுவார்கள், பின்னங்காலுக்குப் பக்கம் விடாதீர்கள். கினெப் ஹவுஸ் என்ற பழைய வீட்டில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1500களின் தொடக்கத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றின் பொருட்கள் அங்கே உண்டு. உள்ளே நிழல், அது ஒன்றே போதும் என்பார் அத்தை.

திருக்கை மீன்களோடு நிற்கக் கூட்டிப்போகும் கிப்ஸ் கே படகுச் சவாரியைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் மட்டும் எடுங்கள். ஆள் இல்லாத குட்டித்தீவு, நல்ல அனுபவம். ஆனால் திறந்த படகு, முழு வெயில். கைக்குழந்தைக்கும் முட்டி வலி உள்ளவர்களுக்கும் அது வேண்டாம்.

இந்தத் துறைமுகத்தின் உண்மையான குறை வேறு. மேடை திறந்த கடலில் நிற்கிறது, மறைப்பு இல்லை. குளிர்காலத்தில் வடமேற்கு அலை எழுந்தாலோ காற்று மாறினாலோ கப்பல் மேடைக்கு வராமலே போய்விடும். எங்களுக்கும் நடந்திருக்கிறது. தீவு கண்ணுக்குத் தெரிகிறது, பிள்ளைகள் நீச்சல் உடையில் தயார், மாலுமி ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவிக்கிறார். கப்பல் வழியாகப் பதிவு செய்த சுற்றுலாவுக்குப் பணம் திரும்ப வரும். வெளியே தனியாகப் பதிவு செய்திருந்தால் அவர்கள் விதி என்ன என்பதைப் பணம் கட்டும் முன்பே படிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே எதையும் முன்பணம் கட்டிப் பதிவு செய்வதை நான் விட்டுவிட்டேன். 2011க்குப் பிறகு கரீபியன் முழுக்கத் தொல்லை தரும் சர்காசம் கடற்பாசி கிழக்குப் பக்கத்தில்தான் அதிகம் ஒதுங்குகிறது. துறைமுகமும் கவர்னர்ஸ் பீச்சும் மேற்கில் இருப்பது நல்லதாகப் போயிற்று.

இந்தியக் கடவுச்சீட்டில் பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களுக்கு: அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள், கப்பல் திரும்பி வரும்போது மறுபடி நுழைய வேண்டியிருக்கும். தீவுகளின் விசா விதிகள் ஒன்றுபோல இருக்காது, பயணத்திட்டத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இறங்கும்போது கப்பல் அட்டையும் படம் போட்ட அடையாள அட்டையும் ஒவ்வொருவர் கழுத்திலும் இருக்கட்டும். டவல் கப்பலிலேயே தருவார்கள், தொலைத்தால் கணக்கில் ஏறும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுச் சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். வெட்டவெளியான அந்த நீள மேடையில் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை நிற்கும். அங்கே ஒரு பொட்டு நிழல் கிடையாது. பெரியவர்களையும் குழந்தையையும் ஒருவரோடு முன்கூட்டியே அனுப்பிவிட்டு, மணல் வாளி, செருப்பு, ஈரத்துணி சாமான்களோடு மற்றவர்கள் பின்னால் வரலாம். தண்ணீர் பாட்டில் முன்னால் போகிறவர்களிடம் இருக்கட்டும்.