நியூட்ரல் விழவில்லையா? கியர்பாக்ஸில் கை வைக்க விடாதீர்கள்

பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சிக்னலில் நியூட்ரல் (எந்தக் கியரிலும் இல்லாத நிலை) விழவில்லை என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், "கியர்பாக்ஸ் போச்சு சார், உள்ளே எல்லாத்தையும் மாத்தணும்" என்று சொல்லிப் பணம் கறக்கிற பட்டறைகள் இருக்கின்றன. என்னிடம் அப்படி 9,800 ரூபாய் வாங்கினார்கள். பணம் போனதைவிட ஆத்திரம் என்னவென்றால், மாற்றியதாக பில்லில் எழுதிய சாமான் எதையும் மாற்றவே இல்லை.

என்னுடையது 1990 மாடல் புல்லட் 350. வலது காலில் கியர்; முதல் கியருக்கு லீவரை மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலுக்கென்று குதிகாலால் அழுத்தும் தனி லீவரும் உண்டு. முதல் கியரைத் தவிர மற்றவற்றிலிருந்து அழுத்தினால் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். கோளாறு இப்படித்தான் இருந்தது: வண்டி மெல்ல உருண்டு வரும்போது நியூட்ரல் சுலபமாக விழும். நின்றுவிட்டால் விழாது. முதலுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தாவுமே தவிர, நடுவில் நிற்காது. இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை லேசாக முன்னும் பின்னும் தள்ளினால் உடனே விழுந்துவிடும். இன்ஜின் சூடேற ஏறத் தொல்லை அதிகமாகும்.

இதையெல்லாம் அந்தப் பட்டறையில் விவரமாகச் சொன்னேன். விஷயம் தெரிந்த மெக்கானிக்குக் கிளட்சில்தான் கோளாறு என்று புரிய இது போதும். இன்ஜின் நின்றதும் நியூட்ரல் விழுகிறது என்றால் கியர்பாக்ஸ் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் பொருள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளட்சுக்குள் இருக்கும் பிளேட்டுகள்தான். கிளட்சைப் பிடித்த பிறகும் அவை முழுதாகப் பிரியாவிட்டால், இன்ஜினின் இழுப்பு கியர்பாக்ஸுக்குள் போய்க்கொண்டே இருக்கும். பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்பதால் நகர்ந்து விலக முடியாது. அந்தப் பட்டறைக்காரர் கிளட்ச் லீவரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே மெயின் ஷாஃப்ட் (கியர்கள் மாட்டியிருக்கும் தண்டு), கியர்கள், ஃபோர்க், புஷ் என்று பட்டியல் போட்டார். வண்டியை எடுக்கப் போனபோது பழைய சாமானைக் கேட்டேன். "எடைக்குப் போட்டாச்சு சார்" என்று பதில் வந்தது. கடைப் பெயர் அச்சடித்த தாளில் சாமான் வாரியாக எழுதி பில் மட்டும் கொடுத்தார். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வண்டி சரியாகவில்லை. நியூட்ரல் பழையபடிதான். கூடவே புதிதாக ஒரு தொல்லை: மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது நடுவில் கியர் பிடிக்காமல் இன்ஜின் மட்டும் அலறியது. பின்னால் லாரி வரும்போது இப்படி ஆனால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். திரும்பப் போய்க் கேட்டால், "புது கியர் செட் ஆகிறவரைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அப்புறம் புல்லட் வேலை மட்டுமே பார்க்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் செண்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டார். பின் சக்கரம் சுற்றியது. ஆயில் பிசுக்கால் மெதுவாகச் சுற்றுவது சகஜம்தானாம். பின் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் நின்று இன்ஜின் அதே சீராக ஓடினால் கிளட்ச் பிரிகிறது என்று அர்த்தம். என் வண்டியில் இன்ஜின் திணறி அணைந்தே போனது.

பிறகு இடது பக்க மூடியைக் கழற்றிக் கிளட்சைக் காட்டினார். இங்கேதான் குட்டு உடைந்தது. இந்த வண்டியில் மெயின் ஷாஃப்ட்டை வெளியே உருவ வேண்டுமானால் முதலில் கிளட்சைக் கழற்றியாக வேண்டும். கிளட்ச் நடு நட்டு தளராமல் இருக்க, லாக் வாஷரின் ஓரத்தை மடித்துவிட்டிருப்பார்கள். கழற்றினால் அந்த மடிப்பை நிமிர்த்தித்தான் ஆக வேண்டும். என் வண்டியில் அந்த மடிப்பின் மேல் பல வருட ஆயில் கசடு கெட்டியாகப் படிந்து அப்படியே இருந்தது. "தம்பி, இந்த நட்டை இப்போ யாருமே தொடலை. ஷாஃப்ட் எப்படி வெளியே வந்திருக்கும்?" என்றார். வலது பக்கம் திறந்து பார்த்ததில் உள்ளே இருந்ததும் பழைய ஷாஃப்ட், பழைய கியர்கள்தான். வெளி மூடியைத் திறந்து, கால் லீவர் எவ்வளவு நகரலாம் என்று நிறுத்தும் தகட்டை மட்டும் தளர்த்தி, கண்டபடி வைத்து முடுக்கியிருக்கிறார்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கியர் தொங்கியது அதனால்தான்.

உண்மையான கோளாறு, கிளட்சின் இரும்பு பிளேட்டுகள் சூட்டில் வளைந்திருந்தன. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அழுத்தியதும் ஓரம் தூக்கியது. பிளேட் செட், கிளட்ச் கேபிள், ஆயில், கூலி, தகட்டைத் திரும்பச் சரியாக வைத்தது எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய். இப்போது நின்ற இடத்தில் சுண்டினால் நியூட்ரல் விழுகிறது.

உங்கள் வண்டியில் இதே தொல்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள். லீவரில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் போதும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. காலையில் வண்டி எடுக்கும்போது கிளட்சைப் பிடித்துக்கொண்டு சில தடவை கிக்கரை உதையுங்கள், இரவில் ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள் விடும். இதற்கும் மசியாவிட்டால்தான் இடது பக்க மூடியைத் திறக்க வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போதும், வண்டியைத் தள்ளிப் பார்த்தும் நியூட்ரல் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே கியர்பாக்ஸ் பேச்சு. அப்போதும் கழற்றும்போது கூடவே இருங்கள், அல்லது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வண்டி ரிப்பேரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் பில்லையும் லாக் வாஷர் படத்தையும் வைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு அந்தப் பட்டறைக்காரர் பாதிப் பணம் தருகிறேன் என்று ஆள் விட்டிருக்கிறார். முழுப் பணமும் கைக்கு வராமல் புகாரை வாபஸ் வாங்குவதாக இல்லை.