மஸ்டாங் ஜிடி: முதல் அறுபது அடிதான் தீராத தலைவலி

டாலஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் தம்பி ஒருவர் 2016 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். மேனுவல் கியர். விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது. "அண்ணே, இதை டிராக் ஸ்ட்ரிப்பில் ஓட்டினால் கிளட்ச், ஆக்ஸில் எல்லாம் போய்விடுமா?" என்று கேட்டார். நான் 2015 மாடலைப் பல வருடமாக வைத்திருக்கிறேன், அதை ஸ்ட்ரிப்பிலும் (நேராகக் கால் மைல் ஓட்டி நேரம் பார்க்கும் பந்தயத் தடம்) ஓட்டுகிறேன் என்பதால் கேட்டிருக்கிறார். வாட்ஸப்பில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

5 லிட்டர் வி8, 435 குதிரைத்திறன், ஆறு கியர் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். என் வண்டியில் இன்ஜின், எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன், கிளட்ச் எல்லாமே கம்பெனியிலிருந்து வந்தபடிதான் இருக்கின்றன. இதில்தான் ஆபீஸ் போகிறேன், இதில்தான் இந்தியன் ஸ்டோருக்குப் போய் அரிசி மூட்டை ஏற்றி வருகிறேன். அவ்வப்போது சாயங்காலம் எனிஸ் ஊருக்கு ஓட்டிப் போய், டெக்ஸாஸ் மோட்டர்பிளெக்ஸில் கால் மைல் ஓட்டிவிட்டு, அதே வண்டியில் வீடு திரும்புகிறேன். ஆயில், பிரேக் ஃப்ளூயிட், டிஃபரென்ஷியல் ஆயில் ஆகியவற்றைப் புத்தகத்தில் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே மாற்றிவிடுவேன். இதுவரை எதுவும் உடையவில்லை. தம்பியின் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்.

ஆனால் எனக்கு உள்ள கோபம் வேறு. அது முதல் அறுபது அடி மேல்.

ஓடி முடித்ததும் கையில் ஒரு சீட்டு தருவார்கள். அறுபது அடியைக் கடக்க எவ்வளவு நேரம், 330 அடிக்கு எவ்வளவு, எட்டில் ஒரு மைலுக்கு எவ்வளவு, கடைசியில் 1320 அடிக்கு எவ்வளவு, அந்தக் கோட்டில் வேகம் என்ன என்று வரிசையாக இருக்கும். பழகியவர்கள் கடைசி வேகத்தைப் பார்த்தே இன்ஜினின் பலத்தைச் சொல்லிவிடுவார்கள். எடுத்த நேரத்தில் இன்ஜினோடு சேர்ந்து டயரின் பிடிப்பும் கிளப்பிய விதமும் தெரியும். என் சீட்டில் வேகம் 110 மைல் என்று அழகாக இருக்கும். அந்த வேகத்துக்கு 12.6, 12.7 விநாடி வரவேண்டும். எனக்கு வருவது 13.2. காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம், அறுபது அடி வரியில் 2.2 என்று இருக்கும். அங்கே 1.9 ஆக்கினால் கடைசியில் கிட்டத்தட்ட அரை விநாடி குறையும், ஏனென்றால் தொடக்கத்தில் விட்ட ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியும் முடிவில் ஒன்றரை மடங்காகத்தான் வந்து நிற்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் அவற்றின் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. 400 பவுண்டு-அடி டார்க்கை ஆல்-சீசன் தெருடயர் இரண்டால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் சீட்டை வாங்கியதும் கண் நேராக அந்த வரிக்குத்தான் போகிறது, ஒவ்வொரு தடவையும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் நல்ல டயர் போட வேண்டியதுதானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஸ்ட்ரிப்புக்கென்றே செய்த டிராக் ரேடியல் டயர் போட்டால் 13 விநாடிக்குள் வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வண்டியில் எதுவும் உடையாமல் இருப்பதற்குக் காரணமே அந்த வழுக்குகிற டயர்தான். அது ஒரு பியூஸ். சுமை அதிகமானால் டயர் சுற்றிவிடுகிறது, மீதி எதுவும் அடி வாங்குவதில்லை. பிசின் மாதிரி ஒட்டுகிற டயரைப் போட்டுவிட்டு 5000 ஆர்பிஎம்மில் கிளட்சைச் சட்டென்று விட்டால், அந்த அதிர்ச்சி எங்கேயாவது போயாக வேண்டும். கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ஆக்ஸில் என்று அந்த வரிசையில் எது பலவீனமோ அது போகும். இதே மாடலை வைத்திருந்த ஒருவர் பக்கத்து லேனில் அந்த டயரோடு 12.4 ஓட்டினார். நான் போய்க் கைகொடுத்தேன். அடுத்த ரன்னில் அவர் கிளம்பியபோது டங்கென்று ஒரு சத்தம், இடது பக்க ஆக்ஸில் இரண்டு துண்டு. வண்டியை இழுத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

இதில் வீல் ஹாப் (wheel hop), அதாவது சக்கரம் துள்ளுவது, என்று ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2015-இல்தான் மஸ்டாங்கின் எல்லா மாடலுக்கும் பின்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் வந்தது. சாலையில் அது பெரிய சுகம். ஆனால் முழு வேகத்தில் கிளம்பும்போது டயர் பிடிக்கிறது, ரப்பர் புஷ்கள் முறுக்கிக்கொள்கின்றன, டயர் விடுகிறது, புஷ்கள் திரும்புகின்றன, மறுபடி பிடிக்கிறது. இது விநாடிக்குப் பல தடவை நடக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் பின்பக்கம் தடதடவென்று குதிக்கும், நடுக்கண்ணாடியில் பின்னால் இருப்பது ஒன்றும் தெரியாது. டயர் சும்மா சுற்றினால் கவலையில்லை. துள்ளினால்தான் ஆபத்து, ஒவ்வொரு பிடிப்பிலும் ஆக்ஸிலில் நேராக அடி விழுகிறது. அந்தத் தடதடப்பு கேட்ட கணத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அந்த ரன் போனால் போகட்டும். இதைச் செய்ய முடியாதவர்கள்தான் உதிரிபாகக் கடையில் நிற்கிறார்கள்.

நான் கிளப்பும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நிற்கும்போதே ஏசியை அணைத்துவிடுவேன். வெயில் காலத்தில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஸ்டார்ட் லைனில் விழுந்தால் அடுத்தவர் டயருக்கு ஆபத்து. வண்டிகளைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்ப்பார், சொட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார். அதே காரணத்துக்காகத் தண்ணீர்ப் பெட்டியில் (டயரைச் சுற்றவிடுவதற்காகத் தரையில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கும் இடம்) இறங்காமல் சுற்றிக்கொண்டு போவேன், தெருடயரின் காடிகள் தண்ணீரைக் கோடு வரைக்கும் சுமந்துகொண்டு வரும். இந்த வண்டியில் லைன் லாக் இருக்கிறது, முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பின் சக்கரத்தைச் சுற்றவிடும். அதைப் புகை கிளம்பும் அளவுக்குச் செய்வது படம் எடுக்கத்தான். தெருடயர் அதிகம் சூடானால் இன்னும் வழுக்கும். ஒட்டியிருக்கும் தூசியும் கல்லும் உதிர இரண்டு விநாடி போதும்.

பின் டயரில் காற்றை 28 பவுண்டுக்கு இறக்குவேன். அதற்குக் கீழே போனாலும் இந்த டயரில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை, வண்டிதான் பின்னால் ஆடுகிறது. 2500 ஆர்பிஎம் வைத்துக் கிளட்சை வழுக்கவிட்டுக் கிளப்பி, வண்டி நகர்ந்த பிறகுதான் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பேன். புதிதாக வருபவர்கள் விளக்கைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். மூன்று மஞ்சள் விளக்கு அரை விநாடி இடைவெளியில் வந்து பச்சை விழும். ஆனால் முன் சக்கரம் லைட் பீமை விட்டு நகர்ந்த பிறகுதான் உங்கள் ஓட்ட நேரம் எண்ணப்படும். பச்சை விழுந்து ஒரு விநாடி சும்மா நின்றாலும் அந்த நேரத்தில் எதுவும் கூடாது. போட்டி இல்லாத சாதாரண ராத்திரியில் அவசரப்பட்டுக் கிளட்சை விடுவதற்குக் காரணமே இல்லை. நிதானமாக விட்டால் பாதிச் சேதம் அங்கேயே தவிர்ந்துவிடும்.

அப்புறம் கியர் மாற்றுவது. 6800-இல் காலை எடுத்து, கிளட்சை முழுக்க அழுத்தித்தான் மாற்றுகிறேன். ஆக்ஸிலரேட்டரை எடுக்காமல் மாற்றினால் கொஞ்ச நேரம் மிச்சம், கியர்கள் அதிராமல் சேர உதவும் சின்க்ரோவுக்குச் செலவு. மூன்றிலிருந்து நான்குக்குப் போகும்போது கை தவறி இரண்டில் விழுந்தால் ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் எந்த லிமிட்டரும் இன்ஜினைக் காப்பாற்றாது, ஏனென்றால் அப்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. குச்சியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் நேராகக் கீழே தள்ளினால் அது தன் இடத்துக்குத் தானே போகும்.

13.99 அல்லது அதற்குக் குறைவான நேரம் ஓடினால் ஹெல்மெட் கட்டாயம். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் ஒரு தடவை படித்துவிடுங்கள், பெரும்பாலான பாலிசிகள் ஸ்ட்ரிப்பில் நடப்பதற்குப் பொறுப்பேற்பதில்லை.

மோட்டர்பிளெக்ஸ் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. 1986-இல் பில்லி மேயர் கட்டியது, கால் மைலும் கான்கிரீட். என் டயரை வைத்துக்கொண்டு அந்தத் தரையைக் குறை சொல்வது பாவம். மற்ற ஊர்களில் ஸ்ட்ரிப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. நியூ ஜெர்சியில் இங்லிஷ்டவுன் 2018-இல் போனது. ஹூஸ்டன் பக்கத்து பேடவுனும் கொலராடோவின் பாண்டிமியரும் 2023-இல் போயின. ஸ்ட்ரிப் இல்லாவிட்டால் இளைஞர்கள் இதை நெடுஞ்சாலையில் செய்வார்கள், அதில் சாவது அவர்கள் மட்டுமில்லை. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, தம்பிக்கு என் பதில். வண்டி நல்ல வண்டி. இத்தனை வருடமாக என்னை வழியில் நிறுத்தியதில்லை, இந்த இன்ஜின் 7000 வரைக்கும் போகும்போது வரும் சத்தத்துக்கே கொடுத்த காசு தகும். ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். ஸ்ட்ரிப்தான் உன் ஆசை என்றால் 2018-க்குப் பிறகு வந்த பத்து கியர் ஆட்டோமேட்டிக்கைத் தேடு. அதில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வர்ட்டர் கிளட்சைப் போல ஒரேயடியாகச் சுமையை ஏற்றாது, அதே டயரிலும் அந்த வண்டிகள் என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் மறுபடி 2.2, மறுபடி 13.2. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வேறு யோசனை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் வண்டியை விற்கிறீர்களா என்றும் கேட்டிருந்தாய். இல்லை. நவம்பரில் காற்று குளிர்ந்ததும் பின்னால் 30-இல் ஆரம்பித்து ஒவ்வொரு பவுண்டாக இறக்கிப் பார்க்கப் போகிறேன். வருவதானால் வா, ஹெல்மெட் எடுத்துக்கொண்டு வா.