பனி விடுமுறைக் கற்றல் பெட்டி: எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்

கடும் பனிப்பொழிவால் பள்ளி திடீரென மூடப்படும் நாளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று திகைக்கும் பெற்றோருக்காகவே, தேவையான பொருள்களையும் கையேட்டையும் சேர்த்து அடைத்த கற்றல் பெட்டிகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றை ஆறு வயதுக் குழந்தையும் ஒன்பது வயதுக் குழந்தையும் குளிர்காலம் முழுவதும் பயன்படுத்தியதைப் பக்கத்தில் இருந்து கவனித்தேன். பெட்டிக்குள் ஒரு பூதக்கண்ணாடி, கறுப்பு ஃபெல்ட் துணி, வெப்பமானி, அளவுக்குறியிட்ட ஒளிபுகும் குவளை, நீண்ட ஸ்கேல், வடிதாள்கள், டிராப்பர்கள், இரண்டு ஸ்பிரே பாட்டில்கள், உணவுச் சாயத் தூள், விலங்குகளின் காலடித் தடங்களைக் காட்டும் அட்டை, கதைப் பகடைகள், வெட்டி ஒட்டுவதற்கான தாள்கள், ஒரு விளக்கக் கையேடு, ஒரு பதிவுப் புத்தகம் ஆகியவை இருக்கின்றன.

இத்தகைய பெட்டியை மதிப்பிட எனக்கு ஓர் அளவுகோல்தான் உண்டு. பனி பெய்யாத நாளில் செய்யவே முடியாத ஒன்றை இது பிள்ளையைச் செய்ய வைக்கிறதா என்பதே அது. வண்ணம் தீட்டுவதையும் தாள் வெட்டுவதையும் மழை நாளிலும் செய்யலாம், வெயில் நாளிலும் செய்யலாம். வானத்திலிருந்து விழும் படிகத்தை அது உருகுமுன் பார்ப்பதும், உருகும் பனியின் வெப்பநிலையை அளப்பதும், ஒரு குவளைப் பனியில் எவ்வளவு தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று கணிப்பதும் அந்த ஒரு நாளுக்கே உரியவை. இப்படிப் பார்த்தால் இந்தப் பெட்டியில் ஏறக்குறைய பாதி மிகவும் நன்றாக இருக்கிறது. மறுபாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு வெப்பமானியை வைத்திருக்கலாம்.

பூதக்கண்ணாடியும் கறுப்புத் துணியும் பெட்டியின் உயிர். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் மடக்குக் கண்ணாடியைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது பெரிதும் பாராட்டத்தக்கது. பிள்ளைகளுக்கான பெட்டிகளில் வழக்கமாக வரும் பிளாஸ்டிக் கண்ணாடிகள் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் காட்டாதவை என்பதால், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள படிகத்தின் கிளைகளை அவற்றில் பிரித்தறிய முடியாது. இந்தக் கண்ணாடியில் ஆறு கிளைகளும், கிளைகளிலிருந்து பிரியும் சிறு கிளைகளும், சில நாள்களில் ஊசி போன்ற மெல்லிய படிகங்களும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் கையேடு மிக முக்கியமான ஒரு செய்தியைச் சொல்லாமல் விட்டுவிட்டது. வீட்டுக்குள் இருந்த துணியை எடுத்துக்கொண்டு நேராக வெளியே ஓடினால், துணியின் சூட்டிலேயே படிகம் உருகித் துளியாகிவிடும். துணியையும் கண்ணாடியையும் கால் மணி நேரமாவது வெளியே மூடிய இடத்தில் வைத்து நன்கு குளிரவிட்ட பிறகே பனியை ஏந்த வேண்டும். பார்க்கும்போது மூச்சை ஒரு பக்கமாக விடவும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். இந்த இரண்டு வரிகள் இல்லாததால் முதல் முறை ஏமாந்துபோய்ப் பெட்டியை மூடிவைத்துவிடும் குடும்பங்கள் இருக்கும் என்பதே என் கவலை.

கையேட்டில் இந்தப் பகுதிக்குத் துணையாக வில்சன் பென்ட்லியின் கதையைச் சேர்த்திருப்பது நல்ல தேர்வு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரின் வேளாண் குடும்பத்தில் பிறந்த அவர், 1885 ஜனவரி 15 அன்று, இருபது வயது நிறையுமுன்பே, நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்துத் தனியொரு பனிப்படிகத்தைப் புகைப்படம் எடுத்தார். 1931இல் இறக்கும்வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துக் குவித்தார். பென்ட்லியும் கறுப்புப் பலகையில்தான் பனியை ஏந்தினார் என்பதை அறிந்ததும் பிள்ளைகள் தங்கள் கையிலுள்ள துணியைப் பார்க்கும் விதமே மாறிவிடுகிறது. பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கலாம். ஜப்பானிய இயற்பியலாளர் உகிச்சிரோ நக்காயா 1936இல் ஆய்வகத்தில் முயல் மயிரின் நுனியில் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டியதும், வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறும்போது படிகத்தின் வடிவம் எப்படி மாறுகிறது என்று வரிசைப்படுத்தியதும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எட்டாத செய்திகள் அல்ல. கழித்தல் 5 பாகை செல்சியஸை ஒட்டி ஊசிகளும் தூண்களும், கழித்தல் 15 பாகையை ஒட்டிக் கிளை விரித்த பெரிய நட்சத்திரங்களும் உருவாகின்றன. இங்கே குறிப்பது படிகம் வளரும் மேகத்தின் வெப்பநிலை என்பதைச் சேர்த்துச் சொன்னால், கையில் விழுந்த படிகத்தைக் கொண்டு மேலே உள்ள மேகத்தைப் பற்றி ஊகிக்கப் பிள்ளை தானாகவே தொடங்கிவிடும்.

இவ்வளவு நல்ல பகுதிக்கு அடுத்த பக்கத்திலேயே, வெட்டி ஒட்டும் தாள்களில் எட்டுக் கிளையுள்ள பனிப்படிகங்களை அச்சிட்டிருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண அடுக்காக அமைவதால்தான் படிகம் ஆறு பக்கமாக வளர்கிறது. இந்த ஆறு ஏன் என்ற கேள்வியை வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர் 1611இலேயே ஒரு சிறு நூலாக எழுதி எழுப்பினார். கண்ணாடி வழியாக ஆறு கிளைகளைப் பார்த்துவிட்டு உள்ளே வரும் குழந்தையின் கையில் எட்டுக் கிளைத் தாளைக் கொடுப்பது, கண்ணால் கண்டதை நம்பாதே என்று சொல்வதற்குச் சமம். தாளைப் பாதியாக, மறுபடி பாதியாக, மறுபடியும் பாதியாக மடிக்கும் எளிய வழக்கத்தால்தான் எட்டுக் கிளை வருகிறது. முதலில் பாதியாக மடித்து, அந்த 180 பாகையை 60 பாகை வீதம் மூன்றாக மடித்து, பிறகு ஒருமுறை பாதியாக மடித்து வெட்டினால் சரியான ஆறு கிளை கிடைக்கும். அச்சிட்ட தாளை ஒதுக்கிவிட்டு வெற்றுத்தாளும் கோணமானியும் கொடுத்தால் இந்த வேலை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உண்மையான வடிவியல் பாடமாகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு மடிப்பை மட்டும் பெரியவர் செய்து கொடுத்தால் போதும்.

குவளையும் வெப்பமானியும் கொண்டு செய்யும் பகுதியைத் தயாரிப்பாளர்கள் மிகுந்த அக்கறையோடு அமைத்திருக்கிறார்கள். குவளையின் சுவர் நேராக இருப்பதால், விளிம்புவரை பனியை அழுத்தாமல் நிரப்பி, உருகிய பின் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கும் என்று முன்கூட்டியே குறித்துவைக்கலாம். பெரும்பாலான பிள்ளைகள் பாதிக்கு மேல்தான் குறிப்பார்கள். புதிதாக விழுந்த பனியில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ காற்றே இருக்கும் என்பதால் தண்ணீர் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிடுகிறது. தூள் போன்ற உலர்ந்த பனியில் அதற்கும் கீழே, ஈரப்பனியில் அதற்கு மேலே நிற்கும் என்பதால், வெவ்வேறு நாளில் செய்தாலும் சலிப்பு வருவதில்லை. உருகிய நீரை வடிதாளில் ஊற்றச் சொல்லும் அடுத்த படி இன்னும் சிறப்பானது. வெள்ளை வெளேரென்று இருந்த பனியிலிருந்து தாளில் தங்கும் கரும்பொடியைப் பார்த்த குழந்தைக்கு, பனியை அள்ளி வாயில் போடாதே என்று அதன்பின் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வெப்பமானியை உருகிக்கொண்டிருக்கும் பனியில் செருகி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்து எழுதச் சொல்லும் செயல், பார்வைக்கு மிகச் சாதாரணமாகத் தோன்றினாலும், இந்தப் பெட்டியில் நான் முதலிடம் கொடுப்பது அதற்குத்தான். குவளை சூடான அறையில் இருக்கிறது, பனி குறைந்துகொண்டே போகிறது, ஆனாலும் அவ்வப்போது கலக்கிவிட்டால் கடைசிக் கட்டி உருகும்வரை வெப்பமானி 0 பாகையை விட்டு நகருவதில்லை. அறையின் சூடெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வருகிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டிய வெப்பம், அதே அளவு தண்ணீரை 0 பாகையிலிருந்து ஏறத்தாழ 80 பாகைவரை சூடாக்கப் போதுமானது என்று கையேடு பெற்றோருக்கான ஓரக்குறிப்பில் விளக்குகிறது. கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கவும் இதே செயல் உதவும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. தூய பனி உருகும் கலவையில் உங்கள் வெப்பமானி 0 காட்டவில்லை என்றால், எவ்வளவு விலகுகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு மற்ற அளவுகளில் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

உப்புச் சோதனையைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். பனியோடு உப்பைக் கலந்தால் பனி உருகத் தொடங்கும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைக் கலவை தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்வதால் அதன் வெப்பநிலை 0 பாகைக்கு மிகவும் கீழே இறங்கும். சமையல் உப்பைப் பொறுத்தவரை இதன் எல்லை கழித்தல் 21 பாகை. பாத்திரத்தின் வெளிப்புறத்தில் உறைபனி பூப்பதைப் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கலவையை வெறும் கையால் சிறிது நேரம் பிடித்திருந்தாலே தோல் உறைந்து, தீக்காயத்தைப் போன்ற புண் உண்டாகும். இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பது தவறு. பெரியவர் உடன் இல்லாமல் இதைச் செய்ய விடக்கூடாது. கையுறையோடும் கரண்டியோடும் மட்டுமே செய்ய வேண்டும். சிறு குழந்தைகளுக்கு, ஒரு பனிக்கட்டியின் மேல் நூலை வைத்துச் சிறிது உப்பைத் தூவி, ஒரு நிமிடம் கழித்து நூலோடு கட்டியைத் தூக்கிக் காட்டும் பழைய வித்தையே போதும். அது கையேட்டிலும் இருக்கிறது.

பனி ஒரு போர்வையாக வேலை செய்கிறது என்று காட்டுவதற்கான செயலில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே அளவு வெந்நீர் ஊற்றிய இரண்டு மூடிய புட்டிகளில் ஒன்றைப் பனிக்குள் புதைத்து, மற்றொன்றைத் திறந்த வெளியில் வைத்து, அரை மணி நேரம் கழித்து ஒப்பிடச் சொல்கிறார்கள். காற்று கடுமையாக வீசும் மிகக் குளிர்ந்த நாளில் இது எதிர்பார்த்தபடி நடக்கலாம். குளிர் மிதமாகவும் காற்று அசையாமலும் இருந்தால் முடிவு தலைகீழாகிவிடக்கூடும், ஏனெனில் சூடான புட்டி தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பனியை உருக்குவதிலேயே வெப்பத்தை இழக்கிறது. இதைவிட எளிமையானதும் ஏமாற்றாததும் வேறொன்று உண்டு. முழங்கால் அளவு பனி கிடக்கும் இடத்தில் ஒரு வெப்பமானியைத் தரையை ஒட்டி அடியிலும் இன்னொன்றைப் பனிக்கு மேலேயும் வைத்து, காலையிலும் மாலையிலும் படிக்க வேண்டும். மேலே எவ்வளவு குளிர்ந்தாலும் அடியில் உள்ளது பெரும்பாலும் 0 பாகையை ஒட்டியே இருக்கும். எலி போன்ற சிறு விலங்குகள் குளிர்காலத்தை அந்த அடி இடைவெளியில்தான் கழிக்கின்றன என்று சொல்லிவிட்டால், காலடித் தட அட்டையை எடுக்க அதுவே வாயிலாகிவிடும். நான் இரண்டாவது வெப்பமானி கேட்டது இதற்காகத்தான்.

தட அட்டை சிறியதாக இருந்தாலும் பயனுள்ளது. முயலின் தடத்தில் முன்னால் தெரியும் பெரிய இரட்டைக் குழிகள் அதன் பின்னங்கால்களால் ஆனவை என்பதையும், நாயின் தடத்தில் நகம் பதிவதும் பூனையின் தடத்தில் பொதுவாகப் பதியாததும் ஏன் என்பதையும் படத்தோடு காட்டியிருக்கிறார்கள். எந்தப் பறவை தத்திச் செல்கிறது, எது காலை மாற்றி மாற்றி நடக்கிறது என்பதையும் சேர்த்திருந்தால் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் உதவியிருக்கும், ஏனென்றால் பனியில் அதிகம் கிடைப்பவை பறவைத் தடங்களே.

சாயம் கலந்த ஸ்பிரே பாட்டில்கள் ஆறு வயதுக் குழந்தைக்கு மிகவும் பிடித்தவை. பனியின் மேல் எழுத்துகளைப் பெரிதாக எழுதிப் பழகுவதற்கும், இரண்டு நிறங்கள் சேருமிடத்தில் மூன்றாவது நிறம் பிறப்பதைப் பார்ப்பதற்கும் அவை நன்றாக உதவுகின்றன. உடையில் பட்டால் கறை போவது கடினம். டிராப்பர்கள் கையுறை போட்ட விரலுக்கு அடங்காதவை. வெளியில் செய்யும் வேலைக்கு அவற்றை வைத்தவர்கள் கையுறையோடு ஒருமுறை முயன்று பார்த்திருக்க வேண்டும். கதைப் பகடைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்த நாளிலும் உருட்டலாம்.

ஸ்கேலைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் பயன்படுத்தும் ஸ்கேலில் 0 கோட்டுக்கு முன்னால் சிறு இடைவெளி இருக்கும். பனியின் ஆழத்தை அதைக் கொண்டு அளந்தால் ஒவ்வொரு முறையும் அளவு குறைவாகவே வரும். இந்தப் பெட்டியின் ஸ்கேலில் 0 விளிம்பிலேயே தொடங்குகிறது என்பது தயாரிப்பாளர்கள் சிந்தித்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். காற்று பனியை ஓரிடத்தில் குவித்து இன்னோரிடத்தில் வழித்துவிடும் என்பதால் குறைந்தது மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுக்கும்படி பதிவுப் புத்தகம் கேட்கிறது. நேரம், வெப்பநிலை, ஆழம், வானத்தின் நிலை, விழுந்த படிகத்தின் வடிவம் ஆகியவற்றுக்கு ஒரு பக்கத்தில் கட்டங்கள் போட்டு, எதிர்ப் பக்கத்தை வரைவதற்கு விட்டிருக்கிறார்கள். பின்னாளில் பக்கங்களைப் புரட்டி, எந்த நாளில் ஊசி விழுந்தது, எந்த நாளில் நட்சத்திரம் விழுந்தது என்று பிள்ளைகள் தாங்களே ஒப்பிடுகிறார்கள். பக்கங்கள் போதாமல் போகும்போது தனியாக வாங்கத் தேவையில்லை, சாதாரண நோட்டில் அதே கட்டங்களைப் பிள்ளையையே போடச் சொல்லலாம்.

ஐந்து வயது முதல் பதினொரு வயதுவரை என்று அட்டையில் போட்டிருந்தாலும், ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெரியவர் முழு நேரமும் பக்கத்தில் வேண்டும். பத்து வயதைத் தாண்டியவர்கள் கையேட்டை விரைவாகக் கடந்துவிடுவார்கள். ஏழு முதல் ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்கியவர்கள், குளிர்காலம் முடிந்ததும் வெப்பமானியை மற்றப் பொருள்களோடு கிடைமட்டமாகத் திணிக்காமல் நிமிர்த்தி வைப்பது நல்லது. சாயமேற்றிய ஆல்கஹால் கொண்ட இவ்வகை வெப்பமானியில் திரவத் தம்பம் இடையில் அறுந்துபோனால் அடுத்த ஆண்டு எல்லா அளவும் தவறாகிவிடும்.