ஆறுதல் சொல்லாத சிகிச்சை: ஓசிடிக்கு ஈ.ஆர்.பி. எடுத்துக்கொண்ட அனுபவம்

ஓசிடிக்காகச் சில வருடங்களாக உளவியலாளர்களிடம் போய்க்கொண்டிருக்கிறேன். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பதற்றத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலப் பிரச்சினை அது. இடையில் ஊர் மாறியது, ஆள் மாறினார், சிகிச்சை முறையும் மாறியது. உளவியலாளரிடம் போய் வந்தவர்கள் எழுதுவதைப் படித்தால், அவர் அன்பாகப் பேசினாரா, போதுமான நேரம் கொடுத்தாரா என்பதுதான் பெரும்பாலும் இருக்கிறது. என்ன முறையில் சிகிச்சை கொடுத்தார் என்பது இருப்பதில்லை. என் விஷயத்தில் குணமாவதும் ஆகாததும் அந்த முறையைப் பொறுத்துத்தான் இருந்தது. அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ஓசிடி என்றதும் பலருக்குக் கை கழுவுவதுதான் நினைவுக்கு வரும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஸ்கூட்டியில் போகும்போது ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினால் போதும், "யாரையாவது இடித்துவிட்டோமோ" என்று தோன்றும். கண்ணாடியில் பார்ப்பேன். அது போதாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு அதே இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன். அங்கே யாரும் விழுந்து கிடக்க மாட்டார்கள். சரி என்று கிளம்பினால், "ஓரத்துச் சாக்கடையில் விழுந்திருந்தால்?" என்று அடுத்தது ஆரம்பிக்கும். மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தி தேடுவது வரை போகும். வீட்டுக்குள் இதே பாடு கேஸ் ரெகுலேட்டரோடு. திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் இந்த வகை ஓசிடி நிறையப் பேருக்கு இருக்கிறது.

முதலில் பார்த்தவர், தோழி ஒருத்தி சொன்ன உளவியல் ஆலோசகர். மிகவும் பொறுமையாகக் கேட்பார். "நீங்க நல்ல மனசுக்காரங்கம்மா, நீங்க யாரையும் இடிச்சிருக்க மாட்டீங்க" என்பார். வெளியே வரும்போது மனசு அவ்வளவு லேசாக இருக்கும். வீட்டுக்குப் போகும் வழியில் அடுத்த பள்ளம் வரும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. தசைகளை வரிசையாக இறுக்கித் தளர்த்தும் ஜேக்கப்சன் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். இரவில் தூக்கம் வர அது உதவியது, இப்போதும் செய்கிறேன். ஆனால் பள்ளத்தின் மேல் வண்டி ஏறி இறங்கும் அந்த நொடியில் அதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொன்று, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, எண்ணம் வந்ததும் சுண்டி இழுத்து "நிறுத்து" என்று சொல்லச் சொன்னார். எண்ணங்கள் கூடின. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களால் அதை விலக்கி வைக்க முடியவில்லை. தடை நீங்கிய பிறகு அந்த நினைப்பு இன்னும் அதிகமாகவே வந்தது. எனக்கு நடந்ததும் அதுதான்.

அந்த ஆலோசகரைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அப்பா இறந்தபோது அவரிடம்தான் போனேன். ஒரு அறிவுரையும் சொல்லாமல் என்னை அழவிட்டு, சொன்னதையே திரும்பச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்டார். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சை தருபவரிடம் பாசாங்கில்லாமல் இருப்பது, நிபந்தனையில்லாமல் ஏற்பது, உணர்ந்து புரிந்துகொள்வது ஆகிய மூன்றையும் முக்கியமாகச் சொல்கிறார். மூன்றும் அவரிடம் இருந்தன. துக்கத்துக்கு அது சரியான மருந்து. ஓசிடிக்கு அது மட்டும் போதவில்லை. "ஒன்றும் ஆகியிருக்காது" என்று அடுத்தவர் வாயால் கேட்டுக்கொள்வதும் சரிபார்த்தலில் ஒரு வகைதான். சொறியச் சொறிய அரிப்பு கூடுவதுபோல, ஒவ்வொரு ஆறுதலும் அடுத்த சந்தேகத்துக்கு இடம் கொடுத்தது.

பிறகு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் மருந்து எழுதிவிட்டு, அதே மருத்துவமனையில் இருந்த மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய அந்தப் பதிவு வேண்டும். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் இல்லை என்பதால் இவர்கள் மருந்து எழுத மாட்டார்கள். இது தெரியாமல் மாத்திரை கேட்டு ஏமாந்து திரும்புபவர்களைக் காத்திருக்கும் இடத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ஆரம்பச் சந்திப்புகளில் சிகிச்சை என்று எதுவும் நடக்கவில்லை. கேள்விகள்தான். ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோல் என்று ஒன்று: பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் 23 வரை மிதமானது, 24 முதல் 31 வரை கடுமையானது. நான் கடுமையானதில் இருந்தேன். எண் ஒன்று கையில் கிடைத்தது எனக்கு உண்மையிலேயே பெரிய உதவி. "பரவாயில்லையா இருக்கு", "இன்னைக்கு மோசம்" என்று மனநிலையை வைத்துச் சொல்லாமல், சில மாதம் கழித்து அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அதன்பின் ஒரு தாளில் வட்டமாக வரைந்து காட்டினார். எண்ணம், பதற்றம், சரிபார்ப்பு, நிம்மதி, மறுபடி எண்ணம். "இந்த நிம்மதிதான் நோய்க்குத் தீனி. நான் அதைத் தர மாட்டேன்" என்றார். கேட்கக் கஷ்டமாக இருந்தது.

அவர் கொடுத்த சிகிச்சைக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி என்ற சிகிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பயம் தரும் சூழலுக்குள் வேண்டுமென்றே போக வேண்டும், போனபின் வழக்கமாகச் செய்யும் சரிபார்ப்பைச் செய்யாமல் இருக்க வேண்டும். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான வித்து இருக்கிறது. அதற்கு முன் ஓசிடி தீரவே தீராத நோய் என்று கருதப்பட்டது. ஓசிடிக்கான உளவியல் சிகிச்சைகளில் இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுதான்.

பயங்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பெண் போட்டோம். டீ போட்டபின் அடுப்பை அணைத்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே வருவது 30. இருட்டும் நேரத்தில் பள்ளிக்கூடத் தெருவில், கண்ணாடியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் பள்ளத்தைக் கடந்து வீடு வந்து சேர்வது 95. இதில் ஒன்று சொல்ல வேண்டும்: ஆபத்தான எதையும் அவர் செய்யச் சொன்னதே இல்லை. கேஸை மூடத்தான் வேண்டும். வண்டி ஓட்டத் தேவையான அளவு கண்ணாடி பார்க்கத்தான் வேண்டும். "ஒரு தடவை மூடுறது எல்லாரும் செய்யறது. ரெண்டாவது தடவைதான் நம்ம பாடம்" என்பார்.

கீழிருந்து ஆரம்பித்தோம். முதல் சில வாரங்கள் நோய் கூடியதுபோல இருந்தது. இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "பதற்றம் இறங்கும் வரை காத்திருக்கணுமா?" என்று கேட்டேன். இறங்கினால் நல்லது, இறங்காவிட்டாலும் பாடம் நடந்திருக்கிறது என்றார். பயந்தது நடக்கவில்லை, பதற்றத்தோடேயே சமைக்கவும் அலுவலகம் போகவும் முடிந்தது, இவற்றை மூளை கற்றுக்கொண்டால் போதும். மிஷெல் க்ராஸ்கி போன்ற உளவியல் ஆய்வாளர்களின் ஆய்வுகளுக்குப் பிறகு ஈ.ஆர்.பி.யில் வந்த மாற்றம் இது. எனக்கு இதுதான் திருப்புமுனை. அதுவரை பயம் போய்விட்டதா என்பதையே சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

கடினமான பயிற்சி, கதை எழுதுவது. "நான் அந்தப் பள்ளத்தில் யாரையோ இடித்திருக்கலாம். அது எனக்குக் கடைசி வரை தெரியாமலே போகலாம்" என்று எழுதி, என் குரலிலேயே போனில் பதிவு செய்து தினமும் கேட்க வேண்டும். முதலில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனேன். படித்துப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட எப்படிப் பேசுவீங்களோ அப்படி எழுதிட்டு வாங்க" என்றார். தமிழில் எழுதியபோது கை நடுங்கியது. ஆங்கிலத்தில் 50 என்று போட்டிருந்த பதற்றம் தமிழில் 80-ஐத் தாண்டியது. சிகிச்சை வேலை செய்யத் தொடங்கியதும் அங்கேதான். தாய்மொழியில் சிகிச்சை தரக்கூடியவரைத் தேடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம்.

வீட்டுக்காரரையும் ஒரு சந்திப்புக்கு அழைத்தார். "கேஸ் மூடியாச்சா?" என்று நான் எத்தனை தடவை கேட்டாலும் "மூடியாச்சும்மா" என்று சொல்லும் மனிதர் அவர். இனிமேல், "இது ஓசிடி கேட்கிற கேள்வி. பதில் சொல்றதில்லைன்னு பேசியிருக்கோம்ல" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று முடிவானது. வீட்டில் சண்டை வந்தது. "ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும் அவனுக்கு?" என்று மாமியார் எனக்காகப் பரிந்து பேசினார். அவருக்கும் அந்த வட்டத்தை வரைந்து காட்டினோம். அப்புறம் அவரும் பதில் சொல்வதை நிறுத்தினார். குடும்பத்தைச் சேர்க்காமல் இந்தச் சிகிச்சை எனக்குப் பலித்திருக்காது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக: மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ என்ற மருந்து வகை. ஓசிடியில் இது பிடிக்க 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் கூடுதலாகத் தேவைப்படுவது உண்டு. மருந்து பதற்றத்தைக் கொஞ்சம் கீழே இறக்கியதால்தான் பயிற்சிகளைத் தொடங்கவே தெம்பு வந்தது.

கோவைக்கு மாறியபின் வேறொரு உளவியலாளரிடம் வீடியோவில் தொடர்ந்தேன். நேரில் பார்ப்பதுபோல் இருக்குமா என்று தயங்கினேன். ஆனால் என் அடுப்பு என் வீட்டில்தானே இருக்கிறது. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, அவர் பார்க்கப் பார்க்கவே சமையலறையை விட்டு வெளியே வருவேன். இவர் ஈ.ஆர்.பி.யோடு ஏற்பும் அர்ப்பணிப்பும் சார்ந்த ஏ.சி.டி. முறையையும் சேர்த்துக்கொண்டார். எண்ணம் வருவதோடு மல்லுக்கட்டாமல், அது கூடவே இருக்க, நமக்கு முக்கியமானதைச் செய்வது. பையனை நானே ஸ்கூட்டியில் பள்ளியில் விட வேண்டும் என்பதைக் குறியாக வைத்தோம். அந்தக் குறி இருந்ததால் 95-க்கான பயிற்சியில் இறங்கத் துணிவு வந்தது.

குறைகளும் உண்டு. நல்ல உளவியலாளரிடம் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகிறது. வீட்டுப்பாடம் அதிகம், செய்யாமல் போனால் அன்றைய பணம் வீண்தான். தனியாரில் மாதச் செலவு கணிசமாக வந்தது. மனநலச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்கு நிகராகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் என் பாலிசியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் பணம், வாராவாரம் போய் வரும் சிகிச்சைக்கு ஒரு பைசா வரவில்லை. இது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையோ, சென்னையில் இருந்தால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தையோ அணுகலாம். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

புதிதாகப் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே தயங்காமல் கேளுங்கள்: மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் என்ன, ஓசிடி என்றால் ஈ.ஆர்.பி. செய்து பழக்கம் உண்டா, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள். நல்லவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை, என்னுடைய இருவரும் சந்தோஷமாகவே விளக்கினார்கள். ஊர் மாறினால் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பார்க்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அந்தத் தாள்கள் இருந்ததால், முழுக் கதையையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது என் மதிப்பெண் லேசானது என்ற பிரிவில் இருக்கிறது. தூக்கம் கெட்டாலோ வேலை நெருக்கினாலோ பள்ளத்து எண்ணம் வருகிறது, அந்த வாரம் பழைய பதிவை எடுத்துக் கேட்கிறேன். உளவியலாளரைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றாகிவிட்டது. மருந்தின் அளவைக் குறைப்பது பற்றி மனநல மருத்துவரும் அவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குறைக்கத் தொடங்கியபின் எப்படி இருக்கிறது என்பதையும் எழுதுகிறேன்.