மணிக்கட்டிலிருந்து காதுக்கு: ஸ்மார்ட்வாட்சும் காது கேட்கும் கருவியும் நேரடியாக இணைவதைப் பற்றி ஒரு மதிப்பீடு

காது கேட்கும் கருவி விற்கும் கடைகளில் "வாட்சோடயும் கனெக்ட் ஆகும் சார்" என்று சொல்லாத விற்பனையாளர் இப்போது அரிது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு வசதிகள் ஒளிந்திருக்கின்றன. வாட்சை ரிமோட்டாக மட்டும் வைத்துக்கொண்டு கருவியின் ஒலியளவைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒன்று. அப்போது பேச்சும் பாட்டும் வருவது போனிலிருந்துதான். வாட்சில் சேமித்து வைத்த பாட்டு நேரே கருவிக்கு வருவது இன்னொன்று. போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போனாலும், வாட்சுக்கு வரும் அழைப்பை இரண்டு காதுகளிலும் கேட்டுப் பேச முடிவது மூன்றாவது. எனக்கு வேண்டியிருந்தது இந்த மூன்றாவது வசதி. இங்கே நான் மதிப்பிடுவது ஒரு நிறுவனத்தின் கருவியையோ வாட்சையோ அல்ல, இரண்டுக்கும் இடையில் உள்ள இணைப்பை.

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ரயில்பெட்டிக் கூடுகள் உருவாகும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிரைண்டரும் சம்மட்டியும் ஓயாத அந்தக் கூடத்தில் எங்கள் தலைமுறையில் பலரும் காதடைப்பான் இல்லாமலேதான் வேலை செய்தோம். அப்படிப்பட்ட இரைச்சலால் வரும் கேள்விக்குறைவு முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவில் உள்ள உயர்ந்த ஒலிகளைத்தான் தின்னும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது புரியாது. கடை, தடை, படை ஆகிய மூன்றும் காதில் ஒன்றுபோலவே விழும். போனைக் காதில் வைத்துப் பேசும்போது எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்க்கும் உதவியும் போய்விடுவதால் சிக்கல் இரட்டிப்பாகிறது. அழைப்பு நேராகக் கருவிக்கே வரும்போது, நம் கேள்விச் சோதனை அறிக்கைக்கு ஏற்ப அந்த உயர்ந்த ஒலிகள் மட்டும் தூக்கிக் கொடுக்கப்படுகின்றன, சுற்றுப்புற இரைச்சலும் அவ்வளவாக நடுவில் நுழைவதில்லை. நேரடி இணைப்பின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

எந்தக் கருவி எந்த வாட்சோடு சேரும் என்பதைக் கருவி எந்த வழியில் ஒலியை வாங்குகிறது என்பதே தீர்மானிக்கிறது. ஐபோனோடு நேரடியாக இணையும் முதல் கருவிகள் 2014-இல் சந்தைக்கு வந்தன. அவை ஆப்பிளின் தனி வழிமுறையைப் பின்பற்றுபவை. ஆண்ட்ராய்டுக்காக கூகுள் 2018-இல் ஆஷா என்ற வழிமுறையை அறிவித்தது. ஆஷா உள்ள போன் நம்மிடம் இருக்கிறது என்பதால் வாட்சிலும் அது இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. காது கேட்கும் கருவிகள் தயாரிக்கும் போனாக் நிறுவனம் வேறு பாதையில் போய், 2017-இலும் 2018-இலும் வெளியிட்ட கருவிகளில் சாதாரண புளூடூத்தையே பொருத்தியது. அப்படிப்பட்ட கருவியைப் போனோ வாட்சோ காது கேட்கும் கருவி என்று தெரிந்துகொள்ளத் தேவையில்லை, ஒரு ஹெட்செட் என்று எண்ணினாலே போதும். போனின் ஒலியை வாங்கிக் கருவிக்குக் கடத்தும் ஸ்ட்ரீமர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய விடுதலை. நான் தேர்ந்தெடுத்ததும் சாதாரண புளூடூத்தில் இயங்கும், காதுக்குப் பின்னால் உட்காரும், சார்ஜ் செய்யக்கூடிய கருவியைத்தான். அதோடு இ-சிம் உள்ள, அதாவது போன் இல்லாமலே அழைப்பை ஏற்கும்படி உள்ளேயே சிம் அமைந்த வாட்ச் ஒன்றைச் சேர்த்தேன்.

இணைப்பதற்குப் பொறுமை வேண்டும். கருவியை அணைத்து மீண்டும் போட்டதிலிருந்து சில நிமிடங்களுக்கு மட்டுமே அது புதிய இணைப்பை ஏற்கும். அந்த நேரத்தில் போனின் புளூடூத் திறந்திருந்தால் போன் முந்திக்கொள்ளும். ஆகவே போனின் புளூடூத்தை அணைத்துவிட்டு வாட்சின் அமைப்புகளில் ஹெட்போன் தேடும் பகுதிக்குப் போக வேண்டும். கருவியின் பெயர் சிறிய திரையில் தெரிந்ததும் அதைத் தொட்டால் காதுகளில் ஒரு மெல்லிசை ஒலிக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தானாகவே சேர்ந்துகொள்கிறது. கருவியின் செயலியை வாட்சில் போட்டதால் இந்த இணைப்பு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். செயலி ரிமோட் வேலையைத்தான் செய்கிறது. ஒலி வருவது வாட்சின் புளூடூத் அமைப்பு வழியாக.

பாட்டு கேட்பதில் எனக்கு அரை மனத் திருப்திதான். என்னைப் போல் உயர்ந்த ஒலிகளை மட்டும் இழந்தவர்களுக்குக் காதை அடைக்காத, துளையுள்ள சிலிக்கான் முனையைப் பொருத்துவார்கள். நம் குரல் நமக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்காமல் இருக்க அது அவசியம். ஆனால் அந்தத் துளை வழியாக வாட்சிலிருந்து வரும் பாட்டின் கனமான ஒலியெல்லாம் வெளியே ஓடிவிடுகிறது. நாகஸ்வரம் கணீரென்று கேட்கும், தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போகும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கானாப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அடிக்குரல் இல்லாத தோலக்கு எவ்வளவு பெரிய குறை என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் குறைக்கு வாட்ச் காரணமல்ல, போனிலிருந்து வந்தாலும் இப்படித்தான் இருக்கும். செய்தி, சொற்பொழிவு, பேட்டி ஆகியவற்றுக்கு மிகத் தெளிவாக இருக்கிறது.

அழைப்புகளின் நிலை வேறு. நான் முதலில் பார்த்த வாட்ச் ஒன்று பாட்டை அழகாகக் கருவிக்கு அனுப்பியது. அழைப்பு வந்தபோதோ பேச்சு வாட்சின் சொந்த ஸ்பீக்கரில்தான் ஒலித்தது. பாட்டுக்கும் அழைப்புக்கும் புளூடூத்தில் தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்ற உறுதி இல்லை. பெட்டியின் மேல் இந்த வேறுபாட்டை அச்சிடாமல் விடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன், ஏனென்றால் கேள்விக்குறைவு உள்ளவருக்கு வாட்சின் குட்டி ஸ்பீக்கரால் எந்தப் பயனும் இல்லை. இப்போது நான் வைத்திருக்கும் வாட்சில் இரண்டும் கருவிக்கு வருகின்றன. என் பேச்சையும் கருவியின் மைக்கே எடுத்துக்கொள்வதால் கையை வாயருகே தூக்க வேண்டியதில்லை. மகள் அழைக்கும்போது "அப்பா, எங்க இருக்கீங்க, ஒரே சத்தமா இருக்கே" என்று கேட்பதுண்டு. எனக்கு அவள் பேசுவது துல்லியமாகக் கேட்கும், காசிமேட்டு மீன் ஏலத்தின் கூச்சலில் என் குரல் அவளுக்கு மூழ்கிவிடும். இந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது.

இன்னொரு நுணுக்கத்தைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். புளூடூத் அலையை மனித உடல் நன்றாக உறிஞ்சிவிடும். என் ஜோடிக் கருவியில் ஒரு பக்கம்தான் வெளி இணைப்பைப் பிடித்து மறுபக்கத்துக்குக் கடத்துகிறது. வாட்ச் இடது கையில் இருக்க, இணைப்பைப் பிடிக்கும் கருவி வலது காதில் இருந்தால், கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது பேச்சு விட்டுவிட்டு வரும். கருவியைப் பொருத்தித் தரும் கேள்வி நிபுணரான ஆடியாலஜிஸ்டிடம் சொல்லி அந்தப் பொறுப்பை இடது பக்கத்துக்கு மாற்றிய பிறகு தடங்கல் பெருமளவு நின்றது. வாட்ச் கட்டும் கை எது என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் தெரிவித்துவிடுவது நல்லது.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நடப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. வாட்சிலிருந்து ஒலி வரத் தொடங்கியதும் பல கருவிகள் வெளி மைக்கைத் தாமாகவே தாழ்த்திக்கொள்கின்றன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இடைவிடாமல் வரும் சாலையில் இது உயிருக்கே ஆபத்து. வெளி ஒலிக்கும் வாட்ச் ஒலிக்கும் உள்ள விகிதத்தை மாற்றும் வசதி செயலியில் இருக்கும். வெளி ஒலி குறையாதபடி அதை வைத்த பிறகே நான் சாலையில் இறங்குகிறேன். அதே சமயம், வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவில் போகும்போது விகிதத்தை மறுபக்கம் தள்ளிவிட்டால் அழைப்பு தெளிவாகக் கேட்கிறது.

கருவியின் சார்ஜ் இதனால் கூடுதலாகச் செலவாகிறது, ஆனாலும் இரவு வரை தாங்குகிறது. வாட்சின் நிலைதான் மோசம்: இ-சிம்மில் பேசப் பேசப் பாட்டரி கண்ணெதிரே இறங்குகிறது, நீண்ட உரையாடலுக்கு இது ஏற்றதல்ல. கடற்கரைப் பகுதியின் ஈரக் காற்றுக்கும் வியர்வைக்கும் கருவியைத் தினமும் உலர்த்தும் பெட்டியில் வைத்தே ஆக வேண்டும். கருவியைக் கழற்றி அப்படி வைத்திருக்கும் வேளையில், அழைப்பு வந்தால் மணிக்கட்டில் அதிர்ந்து சொல்லும் வாட்ச் பேருதவியாக இருக்கிறது.

2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட, புளூடூத்தின் புதிய பொது ஒலி வழிமுறையான எல்.இ. ஆடியோ பரவலாகும்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் இந்தச் சிக்கல் குறைய வேண்டும். குறைந்த மின்சாரத்தில் இரண்டு காதுகளுக்கும் தனித்தனியே ஒலி அனுப்புவது அதன் அமைப்பு. எனினும் வாட்சின் பெட்டியில் புளூடூத் 5.2 அல்லது 5.3 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அந்த எண் இருந்தும் எல்.இ. ஆடியோ இல்லாத சாதனங்கள் உண்டு. காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வாட்சுக்கு உண்டு. இரண்டையும் ஒரே கடையில் சேர்த்து வாங்கினால் பில்லைப் பிரித்துக் கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன், கருவியைக் காதில் மாட்டி, வாட்சை அதோடு இணைத்து, போனை முழுவதுமாக அணைத்துவிட்டு, வாட்சின் எண்ணுக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.